முதல் முகாமுக்கு எந்த மலை? பகல் நடை, டென்ட், ஹேமக் – அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

#1 – முள்ளிமலர்

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் இரண்டு நாள் மலைப்பக்கம் போய் நடந்துவிட்டு, ஒரு ராத்திரி வெளியில் தங்கத் திட்டம். மொத்தம் ஐந்து பேர். மூன்று பேர் முப்பதுகளில், ஒருவருக்கு 61 வயது, ஒரு பிள்ளைக்கு 11. யாருக்கும் முன்பழக்கம் கிடையாது.

மனதில் இருப்பது நீலகிரி. நாள் முழுக்க நடந்து, போய்ச் சேரும் இடத்தில் டென்ட் போட்டுத் தங்கி, மறுநாள் திரும்புவது சரியா? டென்ட் நல்லதா, ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்குபடுக்கை) நல்லதா? சமையல் அங்கேயே செய்யலாமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 – சோலைவழி

முள்ளிமலர், முதலில் அனுமதி. காப்புக்காட்டுக்குள் உங்கள் இஷ்டத்துக்கு நடந்து, இருட்டிய இடத்தில் டென்ட் போடுவது தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. இப்போது நடப்பதற்கு நேரான வழி, அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளம். 40 பாதைகள். சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருப்பார்கள். பணம் கட்டிப் பதிந்தால் வழிகாட்டி கூட வருவார். பெரும்பாலும் அந்த மலைக்கிராமத்து ஆட்களே வழிகாட்டிகள், அவர்கள் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது. வயது வரம்பு பாதைக்குப் பாதை மாறும். 11 வயதுப் பிள்ளை இருப்பதால் அதைப் பார்த்துவிட்டுப் பதியுங்கள். கோடைத் தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், டிசம்பரில் அந்தத் தொல்லை இல்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் ஏற 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

இரண்டாவது, நடப்பதும் வெளியில் தூங்குவதும் தனித்தனி வித்தை. தூக்கச் சாமான் முழுவதையும் முதுகில் ஏற்றி, பழக்கமில்லாத மலையில் ஏறி, இருட்டுகிற நேரத்தில் களைத்துப்போய் முதல்முறையாக டென்ட்டைப் பிரித்தால் நடை, டென்ட், தூக்கம் மூன்றும் கெடும். பகலில் சின்னப் பையோடு ஒரு நடை. மாலை 4 மணிக்குள் வண்டியோடு உரிமம் பெற்ற முகாம் இடத்துக்குப் போய் டென்ட். இதுதான் முதல்முறைக்கு ஏற்றது. பொருளை வண்டியில் வைத்திருப்பதால் எடை பற்றிய கவலை இல்லை, ஏதாவது தவறினால் வண்டிக்குள் படுக்கலாம்.

நீலகிரியிலேயே என்றால் கோத்தகிரி லாங்வுட் சோலை பிள்ளைக்கும் பெரியவருக்கும் பொருந்தும். 2024-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த காடு. ஏற்றம் குறைவு, நிழல் முழுக்க. மெதுவாக நடந்தால் நீலகிரிச் சிரிப்பான் சத்தம் போடுவது கேட்கும். அங்கே வேகமாக நடப்பது வீண்; பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால்தான் காடு தன் வேலையை மறுபடி தொடங்கும்.

#3 – தார்ப்பாய்

சோலைவழி அண்ணன் சொன்னதில் பகல் நடைவரை சரி. டிசம்பர் கடைசியில் நீலகிரியில் டென்ட் என்பதைத்தான் மறுக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்துக்கும் 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்கும் ஏறத்தாழ 1900 மீட்டர் வித்தியாசம், அதாவது 12 டிகிரி. கீழே ராத்திரி 20 என்றால் மேலே 8. இது காற்று அடிக்கிற ராத்திரிக்கு. மேகம் இல்லாமல், காற்று அடங்கிய மார்கழி ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் உறைபனி விழுவதற்கு அதுதான் காரணம். புல்தரை மட்டமாக, அழகாக இருக்கிறதே என்று எல்லோரும் டென்ட் போடுவதும் அந்தப் பள்ளத்தில்தான்.

அந்தக் குளிருக்கு ஆளுக்கு ஒரு நல்ல ஸ்லீப்பிங் பேக்கும் (உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப்பை) அடியில் விரிக்கும் 'மேட்' ஒன்றும் வேண்டும். வாடகைக்குக் கிடைப்பவை பலமுறை துவைத்து, உள்பஞ்சு கட்டிப்போனவை. உறையில் எழுதியிருக்கும் எண்களில் ஒன்று 'கம்ஃபர்ட்', இன்னொன்று 'லிமிட்'. பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண்ணை. லிமிட் என்பது ஒருவர் சுருண்டு படுத்து எப்படியோ ராத்திரியை ஓட்டுகிற அளவு. கம்ஃபர்ட் 10 என்று போட்ட பையை 5 டிகிரிக்கு எடுத்துப் போனால் விடிய விடிய முழிப்புதான்.

என் யோசனை ஏலகிரி அல்லது ஜவ்வாது மலை. உயரம் நீலகிரியில் பாதிதான். கீழே வேலூர்ப் பக்கம் ராத்திரி 19 இருந்தால் மேலே 13, 14. சாதாரண ஸ்லீப்பிங் பேக், ஒரு கம்பளி, குரங்குக் குல்லா போதும். பகல் நடைக்கு ட்ரெக் தமிழ்நாட்டிலேயே ஏலகிரி–சுவாமிமலை பாதை இருக்கிறது. கிளம்பும் முன் வானிலை அறிக்கையை மட்டும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஒரு சுற்று திரும்பி வருவது சகஜம்.

#4 – சோலைவழி

தார்ப்பாய் சொல்வது நியாயம். குளிரை நான் குறைத்துத்தான் நினைத்தேன். ஏலகிரியே சரி. நீலகிரியில் பகல் நடை மட்டும் போதும், ராத்திரி அறையில் தங்கலாம்.

ஒரு திருத்தம்: மரமில்லாத மலைகளில் வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சோலைக்குள் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் போதும். ஏலகிரி, ஜவ்வாது, பூண்டி அருகே குடியம் குகைப் பாதை மாதிரி வறண்ட பக்கங்களில் முக்கால் லிட்டர் கணக்கு வையுங்கள். காலை 6:30-க்கு நடக்கத் தொடங்கி 11 மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது.

#5 – முள்ளிமலர்

இரண்டு பேருக்கும் நன்றி. ஏலகிரி என்று முடிவு செய்கிறோம். டென்ட்டா ஹேமக்கா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. மேட் என்று எதை வாங்குவது? யோகா மேட் போதுமா?

#6 – தார்ப்பாய்

யோகா மேட் ஒன்று போதாது. உடம்பின் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும்; நசுங்கிய பஞ்சு சூட்டைப் பிடிக்காது. ஆகவே கீழிருந்து வரும் குளிரைத் தடுப்பது மேட் மட்டுமே. மேட்டுகள் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்ட ஆர்-மதிப்பு என்று ஒரு எண் உண்டு. மூடிய நுரை மேட் 2-க்குப் பக்கம். மெல்லிய யோகா மேட் 1-கூடத் தாண்டாது. ஒன்றின் மேல் ஒன்று போட்டால் எண்கள் கூடும், அதனால் யோகா மேட் மேலே ஒரு மடித்த ஜமுக்காளம், அதற்கு மேல் நுரை மேட் போட்டால் ஏலகிரிக்குத் தாராளம். காற்றடிக்கும் மெத்தை வேண்டாம். உள்ளே காற்று சுழன்று சூட்டை இழுத்துவிடும், முள் குத்தினால் பாதி ராத்திரியில் தரையில் கிடப்பீர்கள்.

டென்ட் பற்றி. 'நான்கு பேர் டென்ட்' என்று விற்பதில் மூன்று பேர்தான் நிம்மதியாகப் படுக்கலாம். ஐந்து பேருக்கு ஒரு மூன்று, ஒரு நான்கு என்று இரண்டு எடுங்கள். டென்ட்டின் மேல் போர்த்தும் வெளிவிரிப்புத் துணியின் நீர்தாங்கு எண் (எத்தனை உயரத் தண்ணீரை ஒழுகாமல் தாங்கும் என்ற அளவு) 2000 மி.மீ.க்கு மேல் இருக்கட்டும். வீட்டு மாடியில் ஒருமுறை முழுக்கக் கட்டிப் பாருங்கள். குச்சி உடைந்ததும், முளை இரண்டு குறைவதும், வெளிவிரிப்பே பையில் இல்லாததும் அப்போதுதான் தெரியும்.

போடும் வரிசை:

இடத்தை முதலில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். சரிவு கண்ணுக்குத் தெரியாது, தலைக்குத் தெரியும். சரிவு இருந்தால் தலைமாடு மேட்டுப் பக்கம். மேலே பட்ட கிளை, தேங்காய், தைலமரம் எதுவும் இருக்கக்கூடாது. தைலமரம் காற்றே இல்லாத நேரத்திலும் கிளையை உதிர்க்கும்.

அடியில் தார்ப்பாய் விரிப்பது நல்லது. அது டென்ட்டின் அடித்தளத்தைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. சிறியதாக இருக்க வேண்டும். டென்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெளிவிரிப்பில் வழியும் மழை முழுவதும் அந்தத் தார்ப்பாயில் விழுந்து, நேரே உங்களுக்கு அடியில் வந்து குளமாக நிற்கும். 'டென்ட் ஒழுகுகிறது' என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம். சுற்றிலும் வாய்க்கால் வெட்டும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். மண் அரிக்கும், மேடான இடம் பிடித்தால் தேவையும் இல்லை.

முளையின் தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், 45 டிகிரி அளவில் மண்ணுக்குள் போகட்டும். செங்குத்தாக அடித்தால் முதல் காற்றுக்கே பிடுங்கிக்கொள்ளும். மண் கெட்டியாக இருந்து முளை இறங்காவிட்டால் தேங்காய் அளவுக் கல்லில் கயிற்றைச் சுற்றி, அதன்மேல் பெரிய கல் ஒன்றைத் தூக்கி வையுங்கள்.

காற்றுவழிகளை மூடாதீர்கள். ஒரு ஆள் ஓர் இரவில் மூச்சிலும் தோலிலும் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை வெளியிடுகிறார். குளிருகிறது என்று எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் அந்த நீர் உள்துணியில் முத்துமுத்தாகக் கோத்து, விடியற்காலை முகத்தில் சொட்டும்; ஸ்லீப்பிங் பேக் ஈரமாகிக் குளிர் இரண்டு மடங்காகும். எதிரெதிரே இரண்டு வழி, மேலே ஒன்று கீழே ஒன்று, நான்கு விரல் அளவு திறந்திருக்கட்டும்.

#7 – ஆலவிழுது

ஹேமக் பக்கம் யாரும் பேசவில்லை. காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் வரிசைக்கு நடுவே, கல்லும் சரிவுமான இடத்தில், டென்ட்டைவிட ஹேமக் எத்தனையோ மேல். தரை மட்டம் பற்றிய கவலையே கிடையாது. தூளியில் வளர்ந்த ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கட்டும் கோணத்தில் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

விறைப்பாக இழுத்துக் கட்டினால் சொகுசாக இருக்கும் என்று நினைக்கிறோம், நடப்பது நேர்மாறு. கயிறு கிடைமட்டத்தில் இருந்து 30 டிகிரி இறங்கினால், 75 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் விழும் இழுவை 75 கிலோ. 15 டிகிரி என்றால் 145 கிலோ. 10 டிகிரிக்கு 215. தையல் பிரிவதும் கொக்கி நிமிர்வதும் மரப்பட்டை அறுபடுவதும் இதனால்தான். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் துப்பாக்கி மாதிரி விரித்து, ஆட்காட்டி விரலைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். கட்டைவிரல் நுனியையும் ஆட்காட்டி நுனியையும் சேர்க்கும் கோடு ஏறத்தாழ 30 டிகிரி.

மரங்களுக்கு இடையே 4 முதல் 5 மீட்டர். தொடையளவு தடிமன், உயிருள்ள மரம். மரத்தில் சுற்றுவது மெல்லிய கயிறாக இருந்தால் மரத்தை அறுக்கும், ஆகவே குறைந்தது 2.5 செ.மீ. அகலமான நாடா. உட்கார்ந்த நிலையில் நாற்காலி உயரம், 45 செ.மீ. அதற்கு மேல் வேண்டாம், விழுந்தால் இடுப்பு. படுக்கும்போது நேராகப் படுக்காதீர்கள். குறுக்காக, தலை ஒரு ஓரம் கால் மறு ஓரம். அப்படிப் படுத்தால்தான் முதுகு மட்டமாகும், முழங்கால் பின்னோக்கி மடங்காது. இதற்கு 3 மீட்டருக்கு மேல் நீளமான துணி வேண்டும். கடைகளில் மலிவாக விற்கும் இரண்டு மீட்டர்த் துணியில் குறுக்கே படுக்க முடியாது, முதுகுவலிதான் மிச்சம்.

குளிர் டென்ட்டைவிட ஹேமக்கில் அதிகம், அதை மறைக்கவில்லை. கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். 20 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே நுரை மேட் அவசியம். ஆகவே 61 வயதுக்காரருக்கும் பிள்ளைக்கும் டென்ட். மற்ற மூவரில் ஆசைப்படுபவர் ஹேமக்கில் படுக்கட்டும். பகலில் எல்லோருக்கும் உபயோகப்படும்.

மேலே மழைத்தார்ப்பாய் கட்டினாலும் ஒரு நுணுக்கம் உண்டு: ஹேமக் நாடாவில் மழைநீர் மரத்தில் இருந்து ஓடிவந்து துணிக்குள் இறங்கும். நாடாவில் ஒரு சணல் துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நீர் அந்தச் சணல் வழியாகச் சொட்டிவிடும்.

#8 – தார்ப்பாய்

ஆலவிழுது, ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். டென்ட்டோ ஹேமக்கோ, பலாமரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். பழுத்த பலா வாசனைக்கு யானையும் கரடியும் வரும். வாழை, வெல்லம், உப்பு மூட்டை இவற்றை டென்ட்டுக்குள் வைப்பதும் அதே ஆபத்து. சாப்பாடு முழுவதும் வண்டிக்குள்.

2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட் முகாமில் தங்கிய ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. முகாம் நடத்துபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா, சுற்றிலும் வேலியோ அகழியோ உண்டா, ராத்திரி யாராவது முழித்திருப்பார்களா. பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். ராத்திரிச் சிறுநீர் கழிக்கப் போகும்போது முதலில் டென்ட்டுக்குள்ளிருந்தே விளக்கடித்துச் சத்தம் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். ஜவ்வாதுப் பக்கம் கரடி நடமாட்டம் உண்டு. எதிர்பாராமல் எதிரே போய் நிற்பதுதான் கரடியிடம் ஆபத்து.

#9 – கட்டுச்சோறு

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் நாள் பகலுக்குச் சமைக்கவே வேண்டாம், கட்டுச்சோறு இருக்கிறது. புளியோதரை நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சோற்றை ஆறவைத்துப் பிறகு பிசைந்தால் மறுநாள் காலைவரை தாங்கும். சூட்டோடு டப்பாவை மூடினால் ஆவி நீராகிச் சோறு கசகசத்து அன்று மாலையே வாடை வரும். தேங்காய்ச் சட்னி, தேங்காய் சாதம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். இட்லிக்கு மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவிவிட்டால் துணைக்கு எதுவும் வேண்டியதில்லை. தயிர்சாதத்தைப் பாலில் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்தால் மதியம் புளிக்காது.

நடக்கும்போது கையில்: கடலைமிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை, பேரீச்சை, வறுத்த வேர்க்கடலை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பிடி. பசித்த பிறகு சாப்பிட்டால் காலுக்குப் போய்ச் சேர அரை மணி நேரமாகும்.

ராத்திரி முகாமில் சமையல். காட்டுப் பாதையில் அடுப்பே பற்றவைக்கக்கூடாது. முகாமில் அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும். ஐந்து பேருக்கு உப்புமா: வீட்டிலேயே 400 கிராம் ரவையை வறுத்து, கடுகு, உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உப்பும் சேர்த்து ஒரே பையில் கட்டுங்கள். அங்கே ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிக் கிளறி மூடினால் முடிந்தது. பாத்திரம் ஒன்று, கரண்டி ஒன்று. காலைக்கு அவல்: ஆளுக்கு 80 கிராம், பத்து நிமிடம் ஊறவைத்து வெல்லம் அல்லது ஊறுகாய். அடுப்பே வேண்டாம்.

சோறுதான் வேண்டும் என்பவர்களுக்கு: 300 மீட்டர் ஏறும்போதெல்லாம் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி குறையும். ஏலகிரியில் 96, 97. பெரிய வித்தியாசம் தெரியாது. ஊட்டியில் 92, 93. அங்கே திறந்த பாத்திரத்தில் புழுங்கலரிசி வேகாமல் நடுவில் வெள்ளையாக நிற்கும். குக்கர் எடுங்கள், இல்லையென்றால் பச்சரிசியை முக்கால் மணி ஊறவைத்துப் போடுங்கள்.

கையடக்க கேஸ் அடுப்பின் நீளக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் சாதா பியூட்டேன். அது பூஜ்ஜியத்துக்குக் கீழே அரை டிகிரியில் ஆவியாவதை நிறுத்திவிடும். எரியும்போது குப்பி தானாகவே குளிர்வதால் வெளியே 6, 7 டிகிரி இருக்கும்போதே தீ சோர்ந்துவிடும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று தூக்கி எறிகிறார்கள். குப்பியை ராத்திரி போர்வைக்குள் வைத்துக்கொண்டு காலையில் மாட்டினால் எரியும். தீயில் காட்டிச் சூடேற்றக்கூடாது, வெடிக்கும்.

#10 – முள்ளிமலர்

நிறையக் கிடைத்தது. இன்னும் மூன்று கேள்வி. பெரியவருக்கு முழங்கால் இறக்கத்தில் வலிக்கும், என்ன செய்யலாம்? எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படிக் கணக்கிடுவது? அட்டை, பாம்பு, பூச்சிக்கு என்ன ஏற்பாடு? குளிர்காய முகாமில் விறகுத் தீ மூட்டலாமா என்று பிள்ளை கேட்கிறான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#11 – வரையாடு

நேரக் கணக்கு. நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் சொன்ன விதி இன்றும் உபயோகப்படுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மொத்தம் 6 கி.மீ., 300 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 12 நிமிடமும் 30 நிமிடமும் சேர்த்து 1:42. இது பழகிய, நிற்காத நடைக்கு. பிள்ளையும் பெரியவரும் இருப்பதால் ஒன்றரை மடங்கு, பிறகு ஒரு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு. மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவுசெய்து எல்லோருக்கும் சொல்லுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரம் வந்துவிட்டால் திரும்புவதுதான். வரிசையில் பெரியவர் முன்னால் நடக்கட்டும். அவருடைய வேகமே குழுவின் வேகம். கடைசியில் போகிறவர் எப்போதும் அதிகம் களைப்பார், ஏனென்றால் அவர் வந்து சேரும்போதே மற்றவர்கள் ஓய்வை முடித்துக் கிளம்பிவிடுவார்கள்.

முழங்கால்: இரண்டு கைக்கும் கோல். வெள்ளியங்கிரி ஏறுபவர்கள் அடிவாரத்தில் மூங்கில்கோல் வாங்குவது காரணமில்லாமல் இல்லை. ஏற்றத்தில் முழங்கை செங்கோணமாக மடங்கும் உயரம். இறக்கத்தில் 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்ள வேண்டும். மூங்கிலாக இருந்தால் பிடிக்கும் இடத்தை மேலே மாற்றினால் போதும். கோலை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி எடையைக் கொடுத்த பிறகே கால். தாண்டிக் குதிப்பது கூடாது. ஒரு பெரிய அடிக்குப் பதில் மூன்று சின்ன அடி. முழங்கால் எப்போதும் லேசாக மடங்கியே இருக்கட்டும்.

கால்நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் ஷூவின் முனையில் இடித்து நகம் கறுப்பதைத் தடுக்க, இறங்கத் தொடங்கும் முன் குதிகாலை நன்றாகப் பின்னே தள்ளி, கணுக்காலருகே நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டும். அலமாரியில் நான்கைந்து வருடம் கிடந்த ஷூவை நம்பாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அதன் பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ளுக்குள் சிதைந்திருக்கும். பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும், முதல் கிலோமீட்டரில் அடி தனியே கழன்று வரும். கையால் வளைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ மாவு மாதிரி உதிர்வோ தெரிந்தால் வேறு ஷூ.

#12 – மருந்துப்பெட்டி

அட்டை ஏலகிரியில் டிசம்பரில் உங்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருக்காது. பின்னால் வால்பாறை, மேகமலை, டாப்ஸ்லிப் போக நேர்ந்தால்: நெருக்கமாக நெய்த காடாத் துணியில் முழங்கால்வரை உறை தைத்து, மேலே நாடாப்போட்டு, சாதா சாக்ஸ் மேல் அணிந்து ஷூ போடுங்கள். பின்னிய சாக்ஸின் கண்ணுக்குள் அட்டை நுழைந்துவிடும். தோட்டத் தொழிலாளர்கள் பூசும் சோப்பும் புகையிலைச் சுண்ணாம்பும் வேலை செய்யும், புல்லின் ஈரத்தில் கழுவிப்போவதால் அடிக்கடி பூச வேண்டும். கடித்திருந்தால் நகத்தைத் தோலோடு ஒட்டி, மெல்லிய முனைப் பக்கம் முதலில் தள்ளி, பிறகு தடித்த முனையைத் தள்ளுங்கள். உப்பு, தீ வைத்தால் அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும். அதன் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹிருடின் இருப்பதால் சில மணி நேரம் கசியும். பயப்பட வேண்டாம், சோப்பால் கழுவி அழுத்திக் கட்டுங்கள்.

அட்டையைவிடக் கவனம் தேவைப்படுவது உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்கரப் டைஃபஸ். புதரிலும் உயர்ந்த புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. புல்லில் நேரடியாக உட்காரவோ துணியைக் காயப்போடவோ வேண்டாம். திரும்பியதும் சோப்புத் தேய்த்துக் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் துவையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் 'மலைக்குப் போனோம்' என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடைமடிப்பில் சிகரெட் சுட்டது மாதிரிக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும், தாமதித்தால் நுரையீரல்வரை போகும்.

பாம்பு: கணுக்காலை மூடிய ஷூ, ராத்திரி விளக்கு இல்லாமல் ஒரு அடியும் இல்லை, கையை வைக்கும் பாறையிடுக்கைப் பார்த்துவிட்டு வைப்பது. கடித்துவிட்டால் கயிறு இறுக்கக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. மோதிரம், கொலுசு, ஷூவைக் கழற்றி, காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவது மாதிரிக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனை. பாம்பைத் தேடிப் பிடிப்பது வேண்டாம்.

நீர்ச்சத்துக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு. தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஓடைத்தண்ணீர் தெளிவாக இருந்தாலும் மேலே மாடு மேயும். ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்த பிறகே குடிக்கலாம், 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம்.

பெரியவருக்கு இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் அன்றைய மாத்திரை சின்னப் பையில் அவரிடமே இருக்கட்டும், வண்டியில் வேண்டாம். ஏறும்போது பேசமுடியாத அளவு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சிலோ தாடையிலோ இடது தோளிலோ அழுத்தம் தெரிந்தாலோ அந்த இடத்திலேயே உட்காரவைத்து வழிகாட்டியிடம் சொல்லுங்கள். 'கொஞ்சம் மேலே போய்ப் பார்ப்போம்' என்ற பேச்சே கூடாது.

#13 – சோலைவழி

விறகுத் தீ: முகாமில் அதற்கென்று மண் போட்டு, கல் கட்டி ஒதுக்கிய இடம் இருந்தால் மட்டும். தரையில் புதிதாக மூட்டாதீர்கள். டென்ட்டில் இருந்து பத்தடிக்குள் வேண்டாம், நைலான் துணி ஒரு பொறிக்கே ஓட்டையாகும். அணைக்கும்போது மண்ணைப் போட்டு மூடுவது தவறு. உள்ளே கங்கு மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியாத வரை.

கரியடுப்போ கேஸ் அடுப்போ டென்ட்டுக்குள் ஒருபோதும் கொண்டுபோகக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிருக்கு வெந்நீரை எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, சாக்ஸில் போட்டு, தொடைகளுக்கு நடுவே வைத்துப் படுக்கலாம். நான்கைந்து மணி நேரம் சூடு தாங்கும்.

காட்டுத்தீ பற்றியும் ஒரு வார்த்தை, கோடையில் போகிறவர்களுக்கு. தீ மேட்டை நோக்கிப் பாயும்போது வேகமெடுக்கும். ஆகவே மேலே ஓடுவது ஆகாத காரியம். பக்கவாட்டில் விலகி, ஏற்கனவே எரிந்து கறுத்த இடமோ வெறும்பாறையோ பார்த்துச் சேருங்கள். பாலியஸ்டர் சட்டை தோலோடு உருகி ஒட்டும், பருத்தி நல்லது.

#14 – விண்மீன்

ஏலகிரி, ஜவ்வாது என்றால் வானத்தை விட்டுவிடாதீர்கள். ஜவ்வாது மலையின் காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர்த் தொலைநோக்கியோடு. நகர வெளிச்சத்துக்குத் தூரம் என்பது அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

பிள்ளைக்கு டிசம்பர் கடைசியில் காட்ட எளிதான வரிசை: இரவு 8 மணிக்கு முதலில் கார்த்திகைக் கொத்து, அதற்குக் கிழக்கே செம்மஞ்சளாக ரோகிணி, இன்னும் கீழே தள்ளிச் செந்நிறத் திருவாதிரை. பாட்டி வாயில் கேட்ட மூன்று பெயரும் வானத்தில் அடுத்தடுத்து நிற்கும். நள்ளிரவை ஒட்டித் தெற்கில், அடிவானத்தில் இருந்து 25 டிகிரி உயரத்தில், அகத்தியர் விண்மீன். நீட்டிய கையில் முஷ்டியின் அகலம் 10 டிகிரி; இரண்டரை முஷ்டி எண்ணினால் போதும். வட இந்தியாவில் இது மிகத் தாழ்வாகத் தெரியும், நமக்கு நன்றாக உயர்ந்து நிற்கும்.

கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருவர் ஃபோனைத் திறந்தால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். தொலைநோக்கி வாங்க வேண்டாம், 7×50 பைனாகுலர் போதும், மல்லாந்து படுத்துக்கொண்டு பாருங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாளானால் விண்மீன் மங்கும். அமாவாசைக்கு இரண்டு பக்கமும் ஐந்து நாள் நல்லது.

#15 – முள்ளிமலர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. முடிவு இதுதான்: ஏலகிரியில் உரிமம் உள்ள முகாம், சுவாமிமலை காலை நடை, இரண்டு டென்ட், ஒரு ஹேமக். டென்ட் வாடகைக்கு. ஸ்லீப்பிங் பேக் மட்டும் சொந்தமாக வாங்குகிறோம். வீடு திரும்பியபின் பொருளை எப்படிப் பராமரிப்பது?

#16 – தார்ப்பாய்

ஸ்லீப்பிங் பேக்கைச் சின்ன உறைக்குள் திணித்தே வைத்திருந்தால் பஞ்சு நிரந்தரமாக நசுங்கிப்போகும். தலையணை உறை அளவில் பெரிய பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள், அல்லது ஹேங்கரில் தொங்கவிடுங்கள். துவைப்பது வருடத்துக்கு ஒருமுறை போதும். உள்ளே ஒரு பழைய வேட்டியைத் தைத்து விரித்துப் படுத்தால் வேட்டியை மட்டும் துவைக்கலாம்.

வாடகை டென்ட்டானாலும் ஈரத்தோடு மடித்துக் கொடுக்காதீர்கள். காலை 9 மணிவரை வெயில் பட்டால் வெளிவிரிப்பு காய்ந்துவிடும். அடித்தளம்தான் காயாது, அதைக் கவிழ்த்துப் போடுங்கள். மழையில் கிளம்ப நேர்ந்தால் அன்று ராத்திரியே வீட்டு ஹாலில் மின்விசிறிக்குக் கீழே விரித்துவிடுங்கள். இரண்டு நாள் ஈரமாகக் கிடந்தாலே பூஞ்சைப் புள்ளி வந்துவிடும், அது போகாது. உள்பூச்சு பிசுபிசுத்து வாந்தி வாடை அடிக்கிற டென்ட்டைக் கடைக்காரர் கொடுத்தால் வாங்காதீர்கள், பூச்சு சிதைந்துவிட்டது என்று அர்த்தம், மழையைத் தாங்காது.